இடது பக்கத்து நாற்காலி

பிப்ரவரி 8, சென்னை விமான நிலையம்

பேனா சரியில்லை. உள்ளே வந்த பிறகு இங்கேயே ஒரு கடையில் வாங்கினேன். பார்க்கப் பளபளவென்று இருக்கிறது, எழுத்து என்னவோ கோழி கிளறின மாதிரி வருகிறது. இடது கைக்காரனுக்கு எந்தப் பேனாவும் லேசில் ஒத்துவராது என்பது வேறு விஷயம். லிஸ்பனில் நல்லதாக ஒன்று வாங்க வேண்டும்.

ஹெப்சிபா பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் இருக்கும் கைப்பையின் மேல் விரல்களால் பியானோ வாசித்துக்கொண்டிருக்கிறாள். எதிரே ஒரு குழந்தை அந்த விரல்களையே பார்த்தது. அதன் அம்மா ஏதோ நரம்புக் கோளாறு என்று நினைத்து, பாவம், குழந்தையின் முகத்தைத் திருப்பிவிட்டாள். என் மனைவி பியானோ கலைஞர், முப்பது வருஷமாக ஐரோப்பா, ஜப்பான் என்று மேடையேறுகிறவள் என்று சொன்னால், "சினிமாவுக்கு வாசிப்பாங்களா?" என்று கேட்பார்கள். நம் ஊரில் அதற்கு மேல் பேச்சு நகராது.

இந்த முறை கச்சேரி மூன்று ஊர்களில்: லிஸ்பன், லியோன், ஹெல்சிங்கி. நடுவில் சூரிக்கில் பத்து நாள் ஓய்வு. அவளுடைய கச்சேரிகளையெல்லாம் ஏற்பாடு செய்யும் ஊர்சுலா இருப்பது அங்கேதான். மூன்று பட்டுப்புடவை, ஒரு சின்ன ரைஸ் குக்கர், பருப்புப்பொடி எல்லாம் என் பெட்டியில். கல்யாணமான கையோடு வங்கி வேலையை விட்டேன், அன்றிலிருந்து என் உத்தியோகம் இதுதான். பெட்டி தூக்குவது, சோறு வைப்பது, மேடையேறும் முன் அவள் தோளில் புடவை மடிப்புக்குப் பின் குத்துவது, பிறகு முதல் வரிசையில் இடது ஓரமாக உட்கார்ந்து அவள் கைகளைப் பார்ப்பது. புகார் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இதைவிட நல்ல உத்தியோகம் நான் கேள்விப்பட்டதில்லை.

டாக்டர் கொடுத்த மாத்திரைகளை வைட்டமின் டப்பாவுக்கு மாற்றிக்கொண்டேன். போன வாரம் இடது கையை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு அவர் ஒரு பெயர் சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை. ஹெப்சியிடம் ஊர் திரும்பிய பிறகு சொல்லிக்கொள்ளலாம். இப்போது சொன்னால் பயணத்தையே ரத்து செய்துவிடுவாள். அதோடு நின்றால் பரவாயில்லை, பியானோவையே மூடிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். எனக்கு அவளைத் தெரியும்.

பிப்ரவரி 10, லிஸ்பன்

அரங்கத்துப் பியானோவைப் பார்க்கப் போனோம். வயலின்காரர்கள் தங்கள் வயலினைக் கையோடு கொண்டுபோகிறார்கள். பியானோக்காரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒவ்வொரு ஊரிலும் வேறு பியானோ, கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டு அடுப்படியில் நுழைகிற மாதிரி. எது எங்கே இருக்கிறது, எதைத் தொட்டால் சத்தம் போடும் என்று முதல் நாளே தெரிந்துகொண்டாக வேண்டும். ஹெப்சி ஒரு மணி நேரம் அதனோடு மல்லுக்கட்டினாள்.

"எப்படி?" என்று கேட்டேன்.

"நல்ல பிள்ளைதான். நடுவுல மட்டும் கொஞ்சம் பிடிவாதம்."

ரைஸ் குக்கரின் ஆவி பட்டு அறையில் புகை மணி அலறிவிட்டது. ஹோட்டல்காரர் ஓடிவந்தார். பருப்புப்பொடியும் நெய்யும் பிசைந்து ஒரு வாய் கொடுத்தேன், சமாதானமாகப் போய்விட்டார்.

பிப்ரவரி 12, லிஸ்பன்

நேற்று கச்சேரி. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பின் குத்தக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. இரண்டு தடவை அவள் தோளிலேயே குத்திவிட்டேன்.

"வெளிச்சமே இல்ல ஹெப்சி. இருட்டறை மாதிரி கட்டி வச்சிருக்கான்."

அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். கண்ணாடியைச் சுற்றி வரிசையாகப் பல்புகள் எரிந்துகொண்டிருந்தன. பின்னை என் கையிலிருந்து வாங்கித் தானே குத்திக்கொண்டாள்.

முதல் பாதி நன்றாகப் போனது. இடைவேளைக்குப் பிறகு ஷூபர்ட் எழுதிய சொனாட்டா, பல பகுதிகள் கொண்ட நீளமான இசை. அதன் மெதுவான பகுதியில் ஒரே மெட்டு இரண்டு தடவை வரும். முதல் தடவை முடிவில் ஒரு பக்கம் திரும்பும், இரண்டாம் தடவை வேறு பக்கம் திரும்பி வீடு போய்ச் சேரும். நேற்று ஹெப்சி இரண்டாம் தடவையும் பழைய பக்கமே திரும்பிவிட்டாள். ரவுண்டானாவில் தன் சாலையைத் தவறவிட்டவர் இன்னொரு சுற்று சுற்றுவதுபோல நடுப்பகுதி முழுவதையும் மறுபடி வாசித்து, அதே இடத்துக்கு வந்து, அப்புறம்தான் சரியாகத் திரும்பினாள். கூட்டத்துக்குத் தெரியவில்லை. எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது.

காரில் வரும்போது, "முதல் வரிசையில யாரோ காகிதத்தை ஆட்டிக்கிட்டே இருந்தாங்க" என்றாள்.

"யாரு?"

"தெரியல. படபடன்னு சத்தம் கேட்டுது."

நானும் முதல் வரிசையில்தான் இருந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சிலருக்கு நிகழ்ச்சித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரிவதில்லை.

பிப்ரவரி 13, லிஸ்பன்

மழை. புதுப் பேனா வாங்கினேன். இதுவும் அதே லட்சணம்தான்.

பிப்ரவரி 17, லியோன்

அரங்கத்தில் உடைகளைக் கவனிக்க ஒரு அம்மாள் இருக்கிறார். நான் பின்னைத் தேடி எடுத்துக்கொண்டு போவதற்குள் அவரையே குத்தச் சொல்லியிருந்தாள் ஹெப்சி. மடிப்பு கத்தி மாதிரி நின்றது. நான் குத்தினால் அப்படி நிற்காதுதான்.

"நான் வந்துக்கிட்டுதான இருந்தேன்?"

"அவங்க சும்மாதான நின்னாங்க. நீங்க போய் உக்காருங்க."

முப்பத்திநாலு வருஷமாக நான் பின் குத்தாமல் அவள் மேடையேறியது என் மூலநோய் ஆபரேஷன் சமயத்தில் மட்டும்தான். போய் உட்கார்ந்தேன். மனசு ஆறவில்லை, அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இந்த முறை நிகழ்ச்சித் தாளை வாங்கிக்கொள்ளவில்லை. அதில் புதிதாக என்ன இருக்கப்போகிறது. இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்காலி சில்லென்று இருந்தது.

இன்றைக்கு அவள் சுற்றிக்கொண்டு போகவில்லை. நின்றே போய்விட்டாள். அதே பகுதி, அதே திருப்பம். கைகள் கட்டைகளின் மேலேயே இருந்தன, விரல்களுக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. எனக்கு வழி தெரியும். அடுத்த சுரம் என் தொண்டையிலேயே நின்றது. ஒரு காலத்தில் சர்ச் பாடகர் குழுவில் பாடியவன் நான், இந்தச் சொனாட்டாவை எங்கள் வீட்டுச் சுவர் வழியாக எத்தனை வருஷமாகக் கேட்டிருக்கிறேன். ஆனால் முதல் வரிசையிலிருந்து எடுத்துக் கொடுக்க இது என்ன நாடகமா? அவள் கையை எடுத்து மடியில் வைத்தாள். மூச்சு வாங்கினாள். மெதுவான பகுதியை முதலிலிருந்து மறுபடி தொடங்கினாள். இரண்டாம் தடவை தப்பில்லாமல் முடிந்தது.

முடிந்ததும் ரொம்ப அன்பாகக் கைதட்டினார்கள். அந்த அன்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பிப்ரவரி 18, ரயிலில்

ஹெப்சி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கைப்பை மடியில் இருக்கிறது. விரல்கள் அசையவில்லை.

பிப்ரவரி 20, சூரிக்

காலையில் ஊர்சுலாவின் வீட்டில் காப்பி. ஊர்சுலா நல்ல பெண்மணி, எதையும் சுற்றி வளைக்கமாட்டார். லியோன் விஷயம் அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஹெப்சி உள்ளே போன நேரம் பார்த்து என்னிடம் சொன்னார்: ஹெல்சிங்கியையும் அடுத்த வருஷக் கச்சேரிகளையும் ரத்து செய்யச் சொல்கிறாளாம். இத்தோடு போதும் என்கிறாளாம். நீங்கள் பேசிப் பாருங்கள், இசைப் புத்தகத்தை எதிரே வைத்துக்கொண்டு வாசித்தால் என்ன குறைந்துவிடும் என்றார்.

குறைவதும் குறையாததும் எங்கள் உலகத்தில் வேறு கணக்கு. நாலு பேர் சேர்ந்து வாசித்தால் எல்லோர் முன்னாலும் புத்தகம் இருக்கும், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். தனியாக மேடையேறுகிற பியானோக் கலைஞர் மட்டும் மனப்பாடமாக வாசித்தாக வேண்டும். யார் போட்ட சட்டம் என்று தெரியாது. ஆனால் எந்தப் பியானோவிலும் புத்தகம் வைக்கும் பலகையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் ஹெப்சி முப்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள்.

நான் பேசவில்லை. அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு, களைப்பு, நல்ல தூக்கம் இல்லை. எல்லாம் சரியாகிவிடும். வேறு காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

பிப்ரவரி 21, சூரிக்

தோன்றாமல் என்ன. எழுதத் தோன்றவில்லை.

பிப்ரவரி 22, சூரிக்

ஏரிக்கரையில் நடந்தோம். அன்னங்கள் ரொட்டிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. ஒரு பெஞ்சில் உட்கார்ந்ததும் நானே பேச்சை எடுத்தேன்.

"புத்தகத்தை வச்சு வாசிச்சா என்ன ஹெப்சி? இப்ப நெறையப் பேரு வைக்காங்க."

"மறந்துபோச்சுன்னு கழுத்துல போர்டு எழுதி மாட்டிக்கிட்டு போற மாதிரி."

"அந்தக் கம்ப்யூட்டர் பலகை இருக்கே, கால்ல மிதிச்சா பக்கம் திரும்புமாம். ஊர்சுலா சொன்னாங்க."

"என் ரெண்டு காலும் ஏற்கெனவே பெடல்லதான் இருக்கு. மூணாவது காலுக்கு எங்க போவேன்?"

அதற்குப் பிறகு ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் கேட்காமலே, "சரி, வைக்கேன்" என்றாள். எனக்கு உயிர் வந்தது. அடுத்த வாக்கியத்தில் திரும்பப் போய்விட்டது.

"ஆனா பக்கம் நீங்கதான் திருப்பணும்."

கண் முன்னைப் போல் இல்லை என்றேன். முட்டி வலி, எழுந்து எழுந்து உட்கார முடியாது என்றேன். அங்கேயே இசைக்கல்லூரிப் பிள்ளைகள் இருப்பார்கள், அழகாகத் திருப்புவார்கள் என்றேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"முன்னப்பின்ன தெரியாத ஆளு பக்கத்துல உக்காந்து மூச்சு விட்டா எனக்கு வாசிக்க வராது. நீங்க இல்லன்னா ஹெல்சிங்கி வேண்டாம். ஹெல்சிங்கி வேண்டாம்னா அப்புறம் எதுவும் வேண்டாம்."

சண்டைக் குரல் இல்லை. சாம்பாரில் உப்பு கொஞ்சம் குறைச்சல் என்று சொல்கிற குரல்.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டாள்.

"என்ன சொல்ல? சரி, திருப்புதேன்."

அவள் முகத்தில் ஏன் அப்படி ஒரு ஏமாற்றம் தெரிந்தது என்று எனக்குப் புரியவில்லை. அவள் கேட்டதற்குத்தானே சரி சொன்னேன்.

பிப்ரவரி 23, சூரிக்

பக்கம் திருப்புகிறவருக்கு இடது கை வாகாக இருக்க வேண்டும். நாற்காலி வாசிப்பவருக்கு இடது பக்கம், ஓர் அடி பின்னால் இருக்கும். அவர் தலையசைத்ததும் எழுந்து, இடது கையால் வலது பக்கத்தின் மேல்முனையைப் பிடித்து, அவருடைய கையும் கண்ணும் மறையாமல் சத்தமின்றித் திருப்பிவிட்டு உட்கார வேண்டும். கூட்டத்தைப் பார்க்கக்கூடாது. கடைசியில் வணக்கம் சொல்லக்கூடாது. அப்படி ஒரு ஆள் அங்கே இல்லாத மாதிரி இருக்க வேண்டும்.

பாளையங்கோட்டையில் எங்கள் கோயிலில் கிறிஸ்துமஸ் பாடல் ஆராதனைக்கு ஒரு தடவை பாடகர் குழுத் தலைவர், "இடது கைக்காரன் எவன்லே இருக்கான்?" என்று கேட்டார். அந்தக் கைக்காகப் பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடி கொஞ்சமல்ல. முதல் தடவையாக ஒருவர் அதைத் தேடி வந்திருக்கிறார் என்று பெருமையாகப் போய் உட்கார்ந்தேன். பியானோவில் ஒரு ஒல்லிப் பெண். அந்தப் பெருமையில் ஒரு பக்கத்துக்குப் பதில் இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பிவிட்டேன். அவள் புத்தகத்தைப் பார்க்காமலே பாட்டை முடித்தாள். பிறகு என்னிடம் முதன்முதலாகப் பேசியது: "நீங்க ரெண்டு பக்கம் திருப்புனீங்க."

அன்றைக்கு விழுந்தவன்தான்.

பிப்ரவரி 24, சூரிக்

ஹெப்சி எனக்கு ஒரு பேனா வாங்கி வந்தாள். தடியாக, நடுவில் ரப்பர் சுற்றி, சின்னப் பிள்ளைகள் எழுதிப் பழகுகிற பேனா மாதிரி இருக்கிறது.

"எனக்கு எதுக்கு இது?"

"பிடிக்க வாகா இருக்கும்."

வாகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுத்து திருப்தியாக இல்லை. இங்கத்திய மை ஒரு மாதிரி.

பிப்ரவரி 26, சூரிக்

அவள் ஊர்சுலா வீட்டுப் பியானோவில் பழகப் போயிருந்தாள். நான் அறையில் ஹோட்டல் பத்திரிகையை மேசைமேல் சாய்த்து வைத்துப் பழகினேன். எழுந்து, முனையைப் பிடித்து, திருப்பி, உட்கார்ந்து. மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில் நன்றாக வருகிறது. மூன்று மணி நேரம் கழித்து வேறு மாதிரி. ஆகவே ஹெல்சிங்கியில் கச்சேரி தொடங்கும்போது போட்டுக்கொள்ள வேண்டும். இடைவேளைக்குப் பிறகுதான் சொனாட்டா, முதல் பாதிக்கு அவளுக்குப் புத்தகம் வேண்டாம். எல்லாம் யோசித்துவிட்டேன்.

மாலையில் அவளோடு சேர்ந்து பார்த்தோம். ஒரு பக்கம்கூடத் தவறவில்லை. ஊர்சுலா கைதட்டினார். ஹெப்சி மட்டும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உட்கார்ந்து, புத்தகத்தில் எல்லாப் பக்கங்களின் மேல்முனைகளையும் பிடிப்பதற்கு எளிதாகப் பெரிதாக மடித்துவைத்தாள். அவள் புத்தகத்தை மடித்து நான் பார்த்ததே இல்லை. வேதாகமத்தைவிடப் பத்திரமாக வைத்திருப்பவள்.

மார்ச் 1, ஹெல்சிங்கி

எங்கே பார்த்தாலும் பனி. பேருந்து நிறுத்தத்தில் நின்ற அத்தனை பேருக்கும் கை வெடவெடத்தது. எனக்கு இந்த ஊர் ரொம்பப் பிடித்துவிட்டது.

மார்ச் 2, ஹெல்சிங்கி, மதியம்

சோறு வைத்தேன். இரண்டு வாய்தான் சாப்பிட்டாள். பழுப்புப் புடவையா மாம்பழ நிறமா என்று கேட்டாள். மாம்பழம் என்றேன். கறுப்புச் சட்டையைத் தேய்த்து மாட்டியிருக்கிறேன், இல்லாத ஆள் கறுப்புதான் போட வேண்டும். பொத்தான்களை இப்போதே போட்டுவிட்டேன், தலை வழியாக மாட்டிக்கொள்ளலாம். இந்தக் காலத்துச் சட்டைகளில் பொத்தான் ஓட்டைகள் ரொம்பச் சின்னது.

ஆண்டவரே, இன்றைக்கு ஒரு நாள் மட்டும்.

மார்ச் 3, ஹெல்சிங்கி

முதலிலிருந்து சொல்கிறேன்.

மேடைக்குப் பின்னால் அவள் பின்னை என் கையில் கொடுத்தாள். தோளைக் காட்டிக்கொண்டு நின்றாள். நான் குத்தினேன். நேரமாயிற்று. அவள் அசையவே இல்லை, அந்தத் தோள் கொஞ்சம்கூட அவசரப்படவில்லை. குத்தி முடித்த பிறகு, "என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்று மறுபடி கேட்டாள்.

"மடிப்பு நல்லா இருக்கு."

"சரி" என்று சொல்லிவிட்டு மேடைக்குப் போனாள்.

நான் போட்ட திட்டம் இப்படிக் கவிழும் என்று நினைக்கவில்லை. பனியில் சாலை அடைபட்டு ஜனம் வந்து சேரத் தாமதம், கச்சேரி பிந்தித் தொடங்கியது. நான் மாத்திரையைக் கச்சேரிக்கு அறிவித்திருந்த நேரத்துக்கே போட்டிருந்தேன். முதல் பாதி முடிந்ததும் கைதட்டி அனுப்பாமல் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கேட்டார்கள். கேட்கக் கேட்க வாசித்தாள். வேறு நாளென்றால் பூரித்துப்போயிருப்பேன். இடைவேளையில் இன்னொரு மாத்திரை போட்டேன். அது வேலை செய்ய நேரம் பிடிக்கும்.

இரண்டாம் பாதி. அவள் பின்னால் மேடையேறி இடது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் வரிசையிலிருந்து அவளைப் பார்ப்பது ஒன்று, பக்கத்திலிருந்து பார்ப்பது வேறு. முதல் வரிசைக்கு வாசிப்பு மட்டும்தான் வரும், இங்கே மூச்சும் கேட்கும். பெரிய பாய்ச்சலுக்கு முன்னால் சின்னப் பிள்ளை குளத்தில் குதிக்கப்போவதுபோல் மூச்சை இழுத்துக்கொள்கிறாள். முப்பத்திநாலு வருஷமாகக் கூடவே இருந்தும் இது எனக்குத் தெரியாது.

முதல் பகுதியில் தவறில்லை. அவள் தலையசைத்தாள், நான் எழுந்தேன், மடித்த முனை விரலுக்குள் வந்தது, திரும்பியது.

மெதுவான பகுதி. மெட்டு முதல் தடவை வந்து போயிற்று. இரண்டாம் தடவை வந்தது. தலையசைத்தாள். எழுந்து கையை நீட்டினேன். கை நான் சொன்னதைக் கேட்கவில்லை. காகிதம் படபடவென்று அடித்துக்கொண்டது, லிஸ்பனில் கேட்டதாக அவள் சொன்னாளே, அந்தச் சத்தம். கூட்டம் முழுவதும் மூச்சடக்கிக் கேட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அந்தச் சத்தம். எப்படியாவது முடித்தால் போதும் என்று இழுத்தேன். இரண்டு பக்கம் சேர்ந்து திரும்பிவிட்டது.

திருப்பம் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. லிஸ்பனில் அவள் சுற்றிய இடம், லியோனில் நின்ற இடம். புத்தகம் வைத்ததே அந்த ஓர் இடத்துக்காக. அது இப்போது என் கைக்கு அடியில் மூடிக்கிடந்தது. திரும்பப் புரட்டக் கை எழவில்லை.

ஹெப்சி புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வாசிக்கும்போது அவள் யாரையும் பார்த்ததில்லை. அவள் சிரித்தாள். பல் தெரியாமல், கோயிலில் சிரிப்பை அடக்கிக்கொள்கிற ஒல்லிப் பெண்ணின் சிரிப்பு. அப்புறம் கண்ணைக் கட்டைகளின் பக்கம் இறக்கிக்கொண்டு வாசித்தாள். அந்த மெட்டு திருப்பத்துக்கு வந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன், உட்கார மறந்துவிட்டேன். அவள் சரியான பக்கம் திரும்பி, வீட்டு வழியே நடந்து, நான் திறந்துவைத்த பக்கத்துக்கே வந்து சேர்ந்தாள். சேர்ந்ததும் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அதற்குப் பிறகு கடைசி வரைக்கும் அவள் புத்தகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் தலையசைத்தாள். நான் ஒவ்வொரு தடவையும் எழுந்தேன், இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினேன். இதை எழுதும்போது கண் மறைக்கிறது.

முடிந்ததும் கைதட்டல். வழக்கப்படி நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்து பின்னால் நழுவப் பார்த்தேன். அவள் வந்து என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். ஆடிக்கொண்டிருந்த கையை, அத்தனை பேர் முன்னால். விடவில்லை. நானும் வணங்க வேண்டியதாயிற்று.

உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். கையை விடாமலே உட்கார்ந்தாள்.

"லிஸ்பன்ல காகிதம் ஆட்டுனது யாருன்னு இன்னும் தெரியலயா?"

நான் புத்தகத்தை மேசைமேல் வைத்தேன்.

"நிகழ்ச்சித் தாளு, உங்க கையில. அதையேதான் கேட்டுக்கிட்டு இருந்தேன். திருப்பம் போயிருச்சு."

"லியோன்ல நான் தாளே வாங்கலியே."

"கையைத் தொடைக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்தீங்க. அது அதைவிட மோசம்."

எல்லாம் தெரிந்திருக்கிறது. வைட்டமின் டப்பாவும் தெரியும். சென்னையிலேயே, நான் காப்பி டம்ளரை இரண்டு கையால் பிடிக்கத் தொடங்கிய நாளிலேயே தெரியுமாம்.

"எப்ப சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். பக்கத்துல உக்காத்தி வச்சா சொல்லித்தானே ஆகணும்னு நெனச்சேன். நீங்க என்னடான்னா மேடைக்கே வந்துட்டீங்க."

"சொன்னா நீ வாசிக்கிறதை விட்டுருவ ஹெப்சி."

"நீங்க சொல்லலை. அதனாலதான் விடப் பாத்தேன்."

அவள் என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், கைப்பை இருக்கும் இடத்தில். வெளியே பியானோவை மூடுகிற சத்தம் கேட்டது.

எழுந்திருக்கும்போதுதான் சொன்னாள்: "நீங்க ரெண்டு பக்கம் திருப்புனீங்க."

மார்ச் 5, விமானத்தில்

ஹெப்சி தூங்குகிறாள். என் கையின் மேல் அவள் விரல்கள் இருக்கின்றன. தூக்கத்திலும் வாசிக்கிறாள். மெதுவான பகுதி என்று நினைக்கிறேன்.

மார்ச் 12, சென்னை

இருவரும் டாக்டரிடம் போனோம். அவர் என்னைக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவள் பதில் சொன்னாள், அவரை அவள் கேட்ட கேள்விகளுக்குப் பாதிக்கு மேல் அவரிடம் பதில் இல்லை. போகப் போகக் கூடும், எவ்வளவு வேகமாக என்று சொல்ல முடியாது என்றார். ஹெப்சி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். படி இறங்கும்போது என் பக்கம் திரும்பாமல் கொஞ்சம் அழுதாள். நானும்தான். பிறகு பக்கத்துக் கடையில் காப்பி குடித்தோம். டம்ளரை இரண்டு கையால் பிடித்துக்கொண்டேன், ஒளிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வைட்டமின் டப்பாவைக் கவிழ்த்து, மாத்திரைகளை அவற்றின் சொந்த அட்டைப்பெட்டியிலேயே போட்டு, சாப்பாட்டு மேசைமேல் எல்லோரும் பார்க்கிற மாதிரி வைத்தாள்.

ஊர்சுலா கூப்பிட்டார். அடுத்த வருஷக் கச்சேரிகளை வைத்துக்கொள்ளலாமா, மேடையில் என்ன ஏற்பாடு வேண்டும் என்று கேட்டார். வைத்துக்கொள்ளலாம் என்றாள் ஹெப்சி. பலகையைக் கழற்ற வேண்டாம், புத்தகம் இருக்கும். இடது பக்கத்தில் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று போடச் சொல்லுங்கள் என்றாள். என்னால் திருப்ப முடியாமல் போனால் என்ன செய்வது என்று பிறகு கேட்டேன்.

"சும்மா உக்காருங்க. நான் தலையாட்டுதேன். போதும்."

இப்போது உள்ளே பழகிக்கொண்டிருக்கிறாள். கதவு திறந்திருக்கிறது. இந்தப் பக்கத்தை எழுதி முடிக்க எனக்கு அரை நாள் ஆகியிருக்கிறது, எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரிச் சிறுத்துப்போய்க் கிடக்கிறது.

என் கை நடுங்குகிறது. பேனா நல்ல பேனாதான்.